உள்ளே போனால்தான் மருந்து

டர்பனில் நம் ஆட்கள் நாலு பேர் கூடினால் கொலஸ்ட்ரால் பேச்சு வராமல் இருக்காது. கல்யாண வீடானாலும் சரி, பதினாறாம் நாள் காரியமானாலும் சரி, பந்தி முடிவதற்குள் யாருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள், யாருக்கு பைபாஸ் ஆனது, யார் வீட்டில் நாற்பது வயதைத் தாண்டியதும் ஒருவர் போய்விட்டார் என்று வரிசையாக வந்துவிடும். தென்னாப்பிரிக்க இந்தியர்களுக்கு மாரடைப்பு அதிகமாகவும் இளவயதிலும் வருகிறது என்று இங்குள்ள மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாக எழுதிவருகிறார்கள். நான் சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு பார்மசியில் மருந்தாளராக இருக்கிறேன். மாதா மாதம் க்ரானிக் மருந்து வாங்க வருகிறவர்களில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை இல்லாமல் போகிறவர்கள் குறைவு. புரட்டாசி மாதம் முழுக்கக் கவிச்சியைத் தொடாமல் இருந்து, மாதம் முடிந்ததும் ரத்தம் கொடுத்துப் பார்த்து, எண் இறங்கவே இல்லையே என்று கவலையோடு வந்து நிற்பவர்களும் உண்டு. அவர்களில் சிலருக்கு அது சாப்பாட்டால் வந்ததே இல்லை. பிறக்கும்போதே கூட வந்தது.

இப்போது கொஞ்ச காலமாக என்னிடம் கேட்கப்படுவது ‘ஆறு மாத ஊசி’ பற்றி. இன்க்ளிசிரான் என்பது அதன் பெயர். முதல் ஊசி, மூன்று மாதம் கழித்து இரண்டாவது, அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் 284 மில்லிகிராம், தோலுக்கு அடியில். எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. ஆர்என்ஏ மருந்து (ஆர்என்ஏ என்பது டிஎன்ஏவைப் போலவே எழுத்துகளாகக் கோத்த ஒரு மூலக்கூறு) என்று எங்கேயோ படித்துவிட்டு, இது நம் ஜீனை மாற்றிவிடுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், பதில் சொல்கிறேன். ஆனால் இந்த மருந்தில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இன்னொரு கேள்வி: இது செல்லுக்குள் எப்படிப் போய்ச் சேருகிறது? முப்பது வருடமாக இந்தத் துறையே அதில்தான் முட்டிக்கொண்டு நின்றது. ஆர்என்ஏ எழுத்துகளைச் சரியாகக் கோத்து ஒரு துண்டை ஆய்வகத்தில் செய்வது எப்போதோ கைவந்துவிட்டது. அந்தத் துண்டைச் சரியான செல்லின் உள்ளே, கெடாமல், போதிய அளவில் சேர்ப்பதுதான் கைவராமல் இருந்தது. அதனால் கொண்டு சேர்க்கும் வேலையை மருந்துக்குத் துணை வேலையாக நினைப்பது சரியில்லை என்பது என் கட்சி. இந்த வகை மருந்துகளில் அதுவேதான் மருந்து.

என் மாமியார் குடும்பம் டோங்காட் பக்கம், கரும்புத் தோட்டத்து வழி வந்தவர்கள். அந்தக் குடும்பத்தில் என் கணவருக்கு ஒரு அண்ணன் முறை, பெரியம்மா மகன். நானும் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். ஒல்லியான ஆள், சிகரெட் கிடையாது, ஆனாலும் ரொம்பச் சீக்கிரமே பைபாஸ் ஆனவர். ஒரு நாள் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வராந்தாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது குதிகாலுக்கு மேலே கண் போனது. பின்பக்கத் தசைநாண் சாதாரணமாக இரண்டு விரலால் பிடித்தால் தட்டையாக, விறைப்பாக இருக்கும். அவருக்கு அது உருண்டு தடித்து, மேலே மேடு மேடாக இருந்தது. தொட்டால் வலி இல்லை, கல் மாதிரிக் கெட்டி. ஷூ உரசி வந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது கொழுப்பு. ரத்தத்தில் வருடக்கணக்காகத் தேங்கி நின்ற கொலஸ்ட்ரால் தசைநாணில் படிந்தால் இப்படித்தான் இருக்கும். குடும்பவழி வரும் கொலஸ்ட்ரால் நோய்க்கு, சுருக்கமாக எஃப்ஹெச் என்பார்கள், இதைவிடத் தெளிவான அடையாளம் கிடைப்பது கடினம்.

உலகில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு எஃப்ஹெச் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் ஆஃப்ரிகானர் மக்களிடம் இது 70, 80 பேரில் ஒருவர் என்ற கணக்குக்குப் போகிறது. சில முன்னோர்களிடமிருந்து பெருகிய சமூகம் என்பதால் மூன்று குறிப்பிட்ட ஜீன் பிழைகள் தலைமுறை தலைமுறையாக வந்திருக்கின்றன. லித்துவேனியாவிலிருந்து வந்த யூதர்களிடமும் குஜராத் வழி வந்த சிலரிடமும் இப்படித் தனித்தனிப் பிழைகளைக் கண்டிருக்கிறார்கள். கல்லீரல் செல்லின் மேற்பரப்பில் எல்டிஎல் ஏற்பி என்று ஒரு புரதம் இருக்கிறது, ரத்தத்தில் போகும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுப்பது அதுதான். கொலஸ்ட்ரால் உள்ளே போகும் வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஃப்ஹெச் உள்ள பெரும்பாலோருக்கு இந்த ஏற்பியின் ஜீனில்தான் பிழை. அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து பிழை வந்தால் வாசல்கள் பாதி. இரண்டு பக்கமும் வந்துவிட்டால் அநேகமாக ஒன்றும் இல்லை, பத்து வயதிலேயே மாரடைப்பு வரும் அளவுக்குப் போய்விடும். அண்ணாவுக்கு ஒரு பக்கப் பிழை. ஸ்டேட்டினும் எசெட்டிமைப் என்ற இன்னொரு கொலஸ்ட்ரால் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிட்டும் அவருடைய எண் டாக்டர் சொன்ன இடத்துக்கு வரவில்லை.

ஸ்டேட்டின் ஏன் ஒரு இடத்தில் நின்றுவிடுகிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு, அங்கேதான் இந்தக் கதையில் பிசிஎஸ்கே9 என்ற புரதம் வருகிறது. கல்லீரல் செல்லே செய்து வெளியே விடும் புரதம் இது. எல்டிஎல் ஏற்பியோடு ஒட்டிக்கொண்டு, ஏற்பி திரும்ப மேற்பரப்புக்கு வராமல் செல்லுக்குள்ளேயே சிதைந்துபோகும்படி செய்துவிடும். ஸ்டேட்டின் கொடுத்தால் செல் ஏற்பியை அதிகமாகச் செய்கிறது, கூடவே பிசிஎஸ்கே9-ஐயும் அதிகமாகச் செய்கிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குவதுதான்.

இந்தப் புரதத்துக்கும் உயர்ந்த கொலஸ்ட்ராலுக்கும் உள்ள தொடர்பு 2003-இல் ஃபிரெஞ்சுக் குடும்பங்களில் தெரிய வந்தது. அதைத் தடுத்தால் என்ன ஆகும் என்பதைக் காட்டியவர்கள் ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள். அமெரிக்காவில் ஹெலன் ஹாப்ஸ், ஜோனதன் கோஹன் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வில், கறுப்பின மக்களில் 2.6 சதவீதம் பேருக்கு இந்த ஜீனின் ஒரு பிரதி பிறவியிலேயே வேலை செய்யவில்லை. அவர்களுடைய எல்டிஎல் 28 சதவீதம் குறைவு, இதய ரத்தக்குழாய் நோய் வரும் வாய்ப்போ 88 சதவீதம் குறைவு. அடுத்த வருடமே நம் பக்கத்து நாடான ஜிம்பாப்வேயிலிருந்து ஒரு செய்தி: ஆரோக்கியமாக இருந்த 21 வயதுப் பெண், குழந்தை பெற்றவர், இரண்டு பிரதிகளும் வேலை செய்யாதவர், எல்டிஎல் லிட்டருக்கு 0.4 மில்லிமோல். நம்மில் 3 என்று வந்தாலே சந்தோஷப்படுகிறோம். இந்தப் புரதம் இல்லாமல் மனிதர் நன்றாக வாழலாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. மருந்துக் கம்பெனிகள் இந்தப் புரதத்தின் பின்னால் ஓடியதற்குத் தெற்கு ஆப்பிரிக்காவின் ஒரு பெண்ணுடைய ரத்தமும் ஒரு காரணம் என்பதை இங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதனால்தான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

சரி, தடுக்க வேண்டிய புரதம் தெரிந்துவிட்டது. செல் ஒரு புரதத்தைச் செய்யும் முன், டிஎன்ஏவிலிருந்து எம்ஆர்என்ஏ என்ற நகலை எடுக்கும். அந்த நகலோடு பொருந்தும் ஒரு சின்ன இரட்டை இழை ஆர்என்ஏவை உள்ளே விட்டால், செல்லின் சொந்த இயந்திரமே அதை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு நகலைத் தேடிப்பிடித்து வெட்டிவிடும். இரட்டை இழை ஆர்என்ஏ ஒரு ஜீனை இப்படி அடக்கும் என்பதை ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ இருவரும் 1998-இல் புழுக்களில் காட்டினார்கள், 2006-இல் நோபல் பரிசு. இப்படிப்பட்ட சின்ன ஆர்என்ஏவுக்கு எஸ்ஐஆர்என்ஏ என்று பெயர், ஒவ்வொரு இழையிலும் இருபத்துச் சொச்சம் எழுத்து. இது எல்லாமே செல்லின் உட்கருவுக்கு வெளியே நடக்கிற வேலை. டிஎன்ஏ பக்கம் போவதே இல்லை. ஆக, ஜீனை மாற்றுமா என்ற கேள்விக்குப் பதில்: மாற்றாது, நகலைத்தான் வெட்டுகிறது, ஊசியை நிறுத்தினால் மெதுவாகப் பழைய நிலைக்கே திரும்பும்.

காகிதத்தில் இவ்வளவு எளிதாக இருப்பது உடம்பில் எடுபடாமல் போனதற்குக் காரணங்கள் நிறைய. இன்க்ளிசிரான் மூலக்கூறு, நாம் தினம் கொடுக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் என்ற ஸ்டேட்டினைவிட ஏறக்குறைய 30 மடங்கு எடை. எழுத்துகளைக் கோத்து வைத்திருக்கும் அதன் முதுகெலும்பு முழுக்க எதிர்மின்னேற்றம். செல்லைச் சுற்றியிருப்பது கொழுப்புச் சவ்வு. இவ்வளவு பெரிய, மின்னேற்றம் கொண்ட ஒன்று அதில் தானாக நுழையவே முடியாது. அதற்கு முன்னாலேயே ரத்தத்திலும் திசுக்களிலும் இருக்கும் என்சைம்கள் சாதாரண ஆர்என்ஏவைச் சில நிமிடங்களில் துண்டு துண்டாக்கிவிடும், மிஞ்சியதைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ளும், போதாததற்கு உடம்பு அதை வைரஸ் என்று நினைத்துக் காய்ச்சலைக் கிளப்பும். என்சைம் பிரச்சினைக்கு வேதியியலில் வழி கிடைத்தது: ஆர்என்ஏவின் சர்க்கரைப் பகுதியில் ஒரு ஃப்ளோரினோ ஒரு மெத்தாக்ஸி குழுவோ வைப்பது, முதுகெலும்பில் சில இடங்களில் ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கந்தகம் வைப்பது. என்சைமுக்குப் பிடி கிடைக்காது, செல்லின் இயந்திரத்துக்கோ அது இன்னும் ஆர்என்ஏதான். உள்ளே நுழைவது மட்டும் பாக்கி.

அதற்கான பதில் வந்த வழி எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அது யாரும் மருந்தைப் பற்றி நினைக்காதபோது கிடைத்தது. 1960-களின் கடைசியில் அமெரிக்காவில் கில்பர்ட் ஆஷ்வெல், அனடோல் மோரல் என்ற இருவர், ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அந்தப் புரதத்தின் மேல் இருக்கும் சர்க்கரைக் கிளைகளின் நுனியில் சியாலிக் அமிலம் இருக்கும். அந்த நுனியை மட்டும் வெட்டிவிட்டு முயலுக்கு ஊசி போட்டார்கள். நாள் கணக்கில் ரத்தத்தில் சுற்ற வேண்டிய புரதம் சில நிமிடங்களில் காணாமல் போனது. தேடினால் அத்தனையும் கல்லீரலில். நுனி போனதும் அடியில் இருந்த காலக்டோஸ் சர்க்கரை வெளியே தெரிந்துவிட்டது, அதைப் பிடிக்கவென்றே ஒரு ஏற்பி கல்லீரல் செல்களில் இருக்கிறது என்று அப்புறம் புரிந்தது. ஒரு கல்லீரல் செல்லில் ஏறக்குறைய 5 லட்சம் இருக்கும். ஒவ்வொன்றும் பிடித்ததை உள்ளே விட்டுவிட்டுக் கால் மணி நேரத்துக்குள் திரும்ப மேலே வந்துவிடும். உடம்பில் மற்ற இடங்களில் இது அநேகமாக இல்லை. காலக்டோஸைவிட கால்நாக் என்ற அதன் நெருங்கிய உறவை இந்த ஏற்பி இன்னும் இறுகப் பிடிக்கும், அதுவும் ஒன்றாக இல்லாமல் மூன்று கிளையாக நீட்டினால் பிடி பல மடங்கு கூடும். இன்க்ளிசிரானில் இருப்பது அதுதான்: வலுவூட்டிய எஸ்ஐஆர்என்ஏ, அதன் ஒரு முனையில் மூன்று கால்நாக். வேறு உறை கிடையாது, எண்ணெய் கிடையாது.

இதில் டர்பனுக்கும் ஒரு பங்கு உண்டு. நிறவெறி ஆட்சி இந்தியர்களுக்கென்று தனியாக ஒதுக்கிய கல்லூரி 1961-இல் துறைமுகத்துக்குள் இருக்கும் சாலிஸ்பரி தீவில் ஆரம்பித்தது. மாணவர்கள் படகில் போய்ப் படித்தார்கள். 1970-களில் அது வெஸ்ட்வில் மலைமேல் போய் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம் ஆனது. ஒதுக்கிவைக்கக் கட்டிய அந்த இடத்தில், மோகனவேலி சிங், மாரியோ அரியாட்டி இருவரும் இதே கல்லீரல் ஏற்பியைக் குறிவைத்து, சியாலிக் அமிலம் நீக்கிய ஒரு ரத்தப் புரதத்தையும் நேர்மின்னேற்றம் கொண்ட கொழுப்புக் குமிழ்களையும் சேர்த்து, கல்லீரல் புற்றுச் செல்களுக்குள் டிஎன்ஏவைக் கொண்டுபோகும் வேலையைச் செய்து 2003-இல் வெளியிட்டார்கள். இன்க்ளிசிரான் அங்கிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை, அது வேறு வழி. ஆனால் எந்த வாசலைத் தட்ட வேண்டும் என்பதில் டர்பனுக்கு அப்போதே தெளிவு இருந்தது. இப்போது குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறிய அதே வளாகத்தில் மரபணு கடத்தும் ஆய்வு தொடர்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைத்தால் ஆதங்கமாக இருக்கிறது.

அண்ணாவின் அம்மா, பெரியம்மா, இன்னும் பாட்டியிடம் கற்ற தமிழ் பேசுகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசையில் உப்புமாவைத் தள்ளிவைத்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். “ஏம்மா, தினம் முழுங்குற மாத்திரையே ஒரு நாள் விட்டா ஏறிக்கிது. ஆறு மாசத்துக்கு ஒரு ஊசின்னா அது எங்க போயி ஒளிஞ்சிக்கிட்டு இருக்கும்?” எனக்குத் தெரிந்த டாக்டர்களில்கூட நிறையப் பேர் கேட்காத கேள்வி. ஒளிந்துகொண்டுதான் இருக்கிறது, பெரியம்மா.

ஏற்பி பிடித்ததை நேரே செல்லின் நடுவே விடுவதில்லை. சவ்வே உள்வாங்கி ஒரு சின்னப் பையாக மூடிக்கொள்ளும், எண்டோசோம் என்பார்கள். மருந்து செல்லுக்குள் இருக்கிறது, ஆனால் இன்னும் பைக்குள் இருக்கிறது, வேலை நடக்கும் இடம் பைக்கு வெளியே. உள்ளே போன எஸ்ஐஆர்என்ஏவில் ஒரு சதவீதம்கூட வெளியே வருவதில்லை என்பதே பொதுவான கணக்கு. மிச்சம் பைக்குள்ளேயே கிடக்கும், பை அமிலமாகும், என்சைம்கள் வந்து அரைக்கும். பழைய ஆர்என்ஏ என்றால் அங்கேயே கதை முடிந்தது. வலுவூட்டிய ஆர்என்ஏ அந்த அமிலப் பையில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தாங்கி நிற்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வெளியே வருகிறது. வெளியே வந்த ஒரு துண்டு செல்லின் வெட்டும் புரதத்தில் உட்கார்ந்துவிட்டால் ஒரு நகலோடு நிற்காது, ஒன்று, அடுத்தது, அடுத்தது என்று வெட்டிக்கொண்டே இருக்கும். ரத்தத்தில் தேடினால் ஓரிரு நாளில் மருந்தே இருக்காது. கல்லீரலில் ஆறு மாதம் வேலை நடக்கும். அந்தக் கசிவைக் கூட்ட முடிந்தால் இன்னும் குறைந்த அளவு மருந்தே போதும், அதற்கு நல்ல வழி இன்னும் கிடைக்கவில்லை.

கால்நாக் வழி சின்ன ஆர்என்ஏவுக்குச் சரி. எம்ஆர்என்ஏ போன்ற ஆயிரக்கணக்கான எழுத்து நீளமுள்ள ஒன்றை இப்படி அனுப்ப முடியாது, அதற்குப் பாதுகாப்பாக ஒரு உறை வேண்டும். கோவிட் தடுப்பூசியில் வந்த லிப்பிட் நானோ துகள், அதாவது கொழுப்பால் ஆன நுண்துகள், அதுதான், ஆனால் அதற்கு முன்பே 2018 ஆகஸ்டில் பாட்டிசிரான் என்ற முதல் எஸ்ஐஆர்என்ஏ மருந்து இதே உறையில் அனுமதி பெற்றது. தெரிந்த ஒருவரின் ஆய்வகத்தில் இந்தத் துகள் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இரண்டு சிரிஞ்சு. ஒன்றில் எத்தனாலில் கரைத்த நாலு கொழுப்புகள்: அமிலத்தில் மட்டும் நேர்மின்னேற்றம் ஏறும் ஒரு சிறப்புக் கொழுப்பு, ஒரு பாஸ்போலிப்பிட், கொலஸ்ட்ரால், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வைக்கும் பெக்-லிப்பிட். மற்றதில் பிஹெச் 4 அளவு அமிலத் தண்ணீரில் ஆர்என்ஏ. இரண்டும் ஒரு கண்ணாடி போன்ற சில்லுக்குள் முடியளவு கால்வாயில் சந்திக்கின்றன, கால்வாயின் அடியில் மீன்முள் வடிவத்தில் வெட்டிய பள்ளங்கள் இரண்டையும் கண நேரத்தில் கலக்கிவிடுகின்றன. அந்தப் பக்கம் குழாயில் சொட்டுவது தண்ணீர் மாதிரித்தான் இருந்தது. குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோதுதான் லேசான நீலச் சாயல் தெரிந்தது. அந்தச் சாயல் இருந்தால் துகள் சரியான அளவில், 80, 100 நானோமீட்டர் பக்கம் வந்திருக்கிறது, பால் மாதிரி வெளுத்துவிட்டால் கெட்டுவிட்டது என்று சொன்னார்கள். அப்புறம் எத்தனாலையும் அமிலத்தையும் நீக்கிவிடுவார்கள். ரத்தத்தின் பிஹெச்சில் அந்தச் சிறப்புக் கொழுப்பு மின்னேற்றம் இல்லாமல் சாதுவாக இருக்கும், எண்டோசோம் பை அமிலமானதும் மறுபடி ஏற்றம் பெற்றுப் பையின் சவ்வைக் குலைத்து ஆர்என்ஏவை வெளியே விடும். இந்த ஏற்றம் எந்த பிஹெச்சில் மாறுகிறது என்பதைச் சரிசெய்யவே கனடாவின் வான்கூவரில் பீட்டர் கல்லிஸ் வழிவந்த குழுக்கள் வருடக்கணக்கில் நூற்றுக்கணக்கான கொழுப்புகளைச் செய்து பார்த்தன.

இப்போது நான் எதற்காக இதை எழுத உட்கார்ந்தேனோ அந்த இடத்துக்கு வருகிறேன். இந்தத் துகள் ரத்தத்தில் இறங்கியதும் ஏபோ-ஈ என்ற ரத்தப் புரதம் அதன்மேல் வந்து ஒட்டிக்கொள்ளும். ஏபோ-ஈ ஒட்டியதைக் கல்லீரல், வழக்கமாக வரும் கொழுப்புத் துகள் என்று எடுத்துக்கொண்டு உள்ளே இழுக்கும். இழுப்பது எது? எல்டிஎல் ஏற்பி. எஃப்ஹெச் நோயில் பழுதான அதே ஏற்பி!

இரண்டு பக்கமும் பிழையோடு பிறந்த குழந்தையை நினைத்துப் பாருங்கள். இந்த மருந்துகள் யாரைவிடவும் அந்தக் குழந்தைக்குத்தான் தேவை. இன்க்ளிசிரான் கொடுத்தால் கால்நாக் வழியாக உள்ளே போகும், பிசிஎஸ்கே9 குறையும், ஆனால் காப்பாற்ற வேண்டிய எல்டிஎல் ஏற்பியே இல்லாதபோது கொழுப்பு இறங்காது. இப்படிப்பட்ட நோயாளிகளிடம் நடந்த ஓரியன்-5 ஆய்வில் எல்டிஎல் குறையவில்லை. சரி, வேறு ஜீனைக் குறிவைக்கும் மருந்தை லிப்பிட் துகளில் அனுப்பலாம் என்றால், துகள் உள்ளே போக வேண்டிய வாசலும் அந்த ஏற்பிதான். நோய் எது இல்லாததால் வந்ததோ அது இல்லாததால்தான் மருந்தும் வெளியே நிற்கிறது. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் வழி கிடைத்திருக்கிறது. அமெரிக்காவின் வெர்வ் தெரபியூட்டிக்ஸ் ஆய்வாளர்கள் லிப்பிட் துகளின் மேலேயே கால்நாக்கைப் பொருத்தினார்கள், எல்டிஎல் ஏற்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும் துகள் இன்னொரு வாசலால் போகட்டும் என்று. எல்டிஎல் ஏற்பியை நீக்கிய குரங்குகளில் 2023-இல் வெளியான முடிவு: சாதாரணத் துகளில் அனுப்பிய ஜீன் திருத்தி, அதாவது டிஎன்ஏவின் எழுத்தையே மாற்றும் மருந்து, கல்லீரலில் குறிவைத்த ஜீனில் 5 சதவீதத்தைத்தான் மாற்றியது, கால்நாக் வைத்த துகளில் 61 சதவீதம். திருத்தி அதேதான், எழுத்து அதேதான். அதே கம்பெனியின் வேறொரு மருந்தும் இதையே சொல்கிறது. பிசிஎஸ்கே9 ஜீனையே ஒரேயடியாக மாற்றும் வெர்வ்-101 ஆய்வில் சிலருக்குக் கல்லீரல் என்சைம் ஏறி, ஒருவருக்குத் தட்டணுக்கள் இறங்கியதும் 2024 ஏப்ரலில் ஆள் சேர்ப்பை நிறுத்தினார்கள். சந்தேகம் விழுந்தது திருத்தியின் மேல் அல்ல, கொழுப்பு உறையின் மேல். உறையை மாற்றி, கால்நாக் சேர்த்து, உள்ளே இருக்கும் சரக்கை அநேகமாக அப்படியே வைத்து வெர்வ்-102 என்று தொடர்ந்தார்கள். இது ஜீனை மாற்றும் மருந்துதான், இன்க்ளிசிரானோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இதைப் பற்றி யாராவது பயந்து கேட்டால் அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன்.

கால்நாக் வந்ததும் எல்லாம் சுபம் என்று ஆகிவிடவில்லை. ரெவுசிரான் என்ற ஆரம்பகாலக் கால்நாக் மருந்தின் ஆய்வை 2016 அக்டோபரில் நிறுத்த வேண்டி வந்தது, மருந்து எடுத்தவர்கள் பக்கம் இறப்புகள் அதிகமாக இருந்தன. மருந்துதான் காரணம் என்று நிறுவப்படவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அப்போது வாரத்துக்கு 500 மில்லிகிராம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆர்என்ஏவை வலுவூட்டும் வேதியியல் முன்னேறிய பிறகுதான் வருடத்துக்கு இரண்டு ஊசி என்ற நிலை வந்தது.

அண்ணா மாதிரி ஒரு பக்கப் பிழை உள்ளவர்களுக்கு இன்க்ளிசிரான் வேலை செய்கிறது, ஏனென்றால் அவர்களுக்குப் பாதி ஏற்பிகளாவது இருக்கின்றன. இதைக் காட்டிய ஓரியன்-9 ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் ஜோஹன்னஸ்பர்க்கில் விட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஃபிரெடெரிக் ரால். 2020-இல் வெளியானது, 482 பேர், மருந்து பெற்றவர்களுக்கு எல்டிஎல் ஏறக்குறைய 40 சதவீதம் இறங்கியது, மருந்தில்லாத ஊசி பெற்றவர்களுக்கு 8 சதவீதம் ஏறியது. இந்த மருந்தைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டியதும் இல்லை, அறை வெப்பமே போதும். லோட் ஷெட்டிங் என்ற மின்வெட்டு நாட்களில் இன்சுலினைக் காப்பாற்றப் பட்ட பாட்டை நினைத்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்த ஊர் மருந்தாளர்களுக்குத் தெரியும். ஆனாலும் என் கவுண்டருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அந்த ஊசி எட்டாத விலை. மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீடு இல்லாதவர்களுக்கு அரசு கிளினிக்கில் கிடைக்கும் ஸ்டேட்டின்தான், அதையாவது தவறாமல் சாப்பிடுங்கள் என்று நான் கெஞ்சாத நாள் இல்லை. எஃப்ஹெச் உள்ள ஒருவரின் பிள்ளைகளுக்கு அது வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. அண்ணாவின் இரண்டு பிள்ளைகளுக்கும் ரத்தம் பார்க்க வைத்தோம். பெண்ணுக்கு இருக்கிறது, பையனுக்கு இல்லை. அவள் இப்போதே மாத்திரை ஆரம்பித்துவிட்டாள்.

உறை செய்யும் அறிவு இங்கேயே இருக்க வேண்டும் என்று நான் விடாமல் சொல்வதற்குக் காரணம் இதுதான். கோவிட் தடுப்பூசி விஷயத்தில் ஆப்பிரிக்கா வரிசையின் கடைசியில் நின்றது மறக்கக் கூடியதல்ல. 2021-இல் உலகச் சுகாதார நிறுவனம் கேப் டவுனின் அஃப்ரிஜென் நிறுவனத்தை எம்ஆர்என்ஏ தொழில்நுட்ப மையமாக்கியது. 2022 தொடக்கத்திலேயே, விட்ஸில் பேட்ரிக் ஆர்புத்நாட் குழுவின் துணையோடு, வெளியே தெரிந்த தகவல்களை மட்டும் வைத்து ஒரு தடுப்பூசியை ஆய்வக அளவில் செய்துவிட்டார்கள். அதே 2022-இல் அமெரிக்காவில் கம்பெனிகள் ஒன்றையொன்று வழக்குக்கு இழுத்தன: ஆர்பியூட்டஸ் மாடர்னாவின் மேல், ஆல்நைலம் ஃபைசர், மாடர்னா இரண்டின் மேலும். சண்டை வைரஸ் புரதத்தின் எழுத்துகளைப் பற்றியது அல்ல, கொழுப்புத் துகளைப் பற்றியது. பணமும் அதிகாரமும் எங்கே இருக்கிறது என்று அந்த வழக்குகளே சொல்லிவிடுகின்றன. குப்பியில் நிரப்பி லேபிள் ஒட்டும் தொழிற்சாலை மட்டும் வைத்துக்கொண்டு நாம் திருப்திப்பட முடியாது.

கல்லீரலுக்கு வெளியே நிலைமை கடினம். கால்நாக் அங்கே உதவாது, அந்த ஏற்பி வேறெங்கும் இந்த அளவில் இல்லை. தசைக்கு அதன் செல்களில் இருக்கும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியைப் பிடிக்கும் எதிர்ப்பொருளோடு ஆர்என்ஏவை இணைத்துப் பார்க்கிறார்கள், மூளைக்கு முதுகெலும்பு நீரில் நேரே ஊசி போடுகிறார்கள். குவாசூலு-நட்டாலில் இருக்கும் எங்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியம் டி-செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள். எச்ஐவி மருந்து எடுப்பவர்களின் உடம்பில் வைரஸ் ஓய்வில் இருக்கும் டி-செல்களுக்குள் பதுங்கியிருக்கிறது, அந்தச் செல்கள் சாதாரண லிப்பிட் துகளை உள்ளே விடுவதில்லை. மெல்பர்னின் டோஹர்ட்டி நிறுவனம் 2025-இல் கொழுப்புகளின் சேர்க்கையை மாற்றிச் செய்த ஒரு துகளில், வைரஸை எழுப்பிவிடும் எம்ஆர்என்ஏவை இந்தச் செல்களுக்குள் அனுப்ப முடிந்தது என்று வெளியிட்டது. அது நடந்தது எச்ஐவி உள்ளவர்கள் தானமாகத் தந்த ரத்தத்தின் செல்களில், ஆய்வகத் தட்டில். அடுத்து விலங்குகளில் பார்க்க வேண்டும், அதன்பின் மனிதர்களில். எழுப்பியபின் அந்த வைரஸை எப்படி ஒழிப்பது என்பது தனி வேலை. மனிதர்களில் பார்க்கும் கட்டம் வரும்போது அதில் ஒரு பகுதியாவது இந்த மாகாணத்தில் நடக்க வேண்டும், இங்கே நோயாளிகளும் இருக்கிறார்கள், இந்த வேலை தெரிந்தவர்களும் இருக்கிறார்கள்.